கேள்வி-பதில்: "லினக்ஸுக்குத்தான் வைரஸே வராதாமே?"

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது என்று என் பழைய லேப்டாப்பில் மகன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். "இனி ஆன்டிவைரஸுக்குக் காசு கட்ட வேண்டாம்ப்பா, இதுக்கு வைரஸே வராது" என்கிறான். ஆனால் லினக்ஸைத் தாக்கும் மால்வேர் பெருகிவருவதாக அடிக்கடி படிக்கிறேன். பென்ஷன் கணக்கு, எஃப்.டி. எல்லாம் இதில்தான் பார்க்கிறேன். பயப்பட வேண்டுமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: காசு மிச்சம் என்பது சரி ஐயா. 'வரவே வராது' என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் படித்த செய்திகள் பொய்யில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உங்கள் லேப்டாப்பைப் பற்றியவையும் இல்லை. இணைய சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில்தான் ஓடுகிறது. வீட்டு ரவுட்டர், சிசிடிவி பெட்டி பலவற்றுக்குள்ளும் அதுதான். அங்கேதான் ஹேக்கர் கூட்டம் மொய்க்கிறது. 2016-இல் பரவிய மிராய் என்ற மால்வேர், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் 60-க்கும் மேற்பட்ட யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளைப் போட்டுப் பார்த்தே உள்ளே நுழைந்தது. அந்த அக்டோபரில் அது, இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. ஆகவே முதலில் ரவுட்டரைப் பாருங்கள். 'அட்மின், அட்மின்' என்று இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

லேப்டாப்பைக் குறிவைப்பவர்களும் இருக்கிறார்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இருந்தும் பல பிள்ளைகள் திறந்தே பார்க்காதது. அதைப் பயன்படுத்தும் அரசு அலுவலகங்களைக் குறிவைத்த தாக்குதல் ஒன்று 2025 ஆகஸ்டில் வெளியே வந்தது. பாகிஸ்தான் தொடர்புள்ளதாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொல்லும் 'ட்ரான்ஸ்பரன்ட் ட்ரைப்' குழுவின் வேலை அது.

எப்படி நடந்தது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். மெயிலில் ஒரு ஜிப் வரும். உள்ளே மீட்டிங் கடிதம் மாதிரி ஒரு கோப்பு. பெயரில் 'டாட் பி.டி.எஃப்.' இருக்கும், அதற்கும் பின்னால் 'டாட் டெஸ்க்டாப்' ஒட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸில் டெஸ்க்டாப் கோப்பு என்பது ஷார்ட்கட், வெறும் எழுத்துக் கோப்பு. 'நேம்' வரியில் இருப்பது பெயராகத் தெரியும், 'ஐகான்' வரியில் இருப்பது படமாகத் தெரியும், 'எக்ஸெக்' வரியில் எழுதியிருப்பது ஓடும். இந்தக் கோப்பைத் திறந்தால் ஃபயர்பாக்ஸில் நிஜமாகவே ஒரு பி.டி.எஃப். வந்து நிற்கும், சந்தேகமே வராது. அதற்குள் எக்ஸெக் வரி பின்னணியில் வேறொன்றை இறக்கி ஓட்டியிருக்கும்.

அதனால் மெயிலில் வந்ததைத் திறக்குமுன் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் கோப்பின் வகையைப் பாருங்கள். பி.டி.எஃப். என்று இல்லாவிட்டால் டிலீட். மென்பொருள் வேண்டுமென்றால் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே கேடயப் படத்தில் அப்டேட் வந்தால் தள்ளிப்போட வேண்டாம். கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸ் இலவசம்தான், ஆனால் வந்த அட்டாச்மென்ட்டை விண்டோஸ் வைத்திருக்கும் நண்பர்களுக்கு அனுப்புகிற பழக்கம் இருந்தால் மட்டும் போடுங்கள். 'உங்கள் கேஒய்சி முடிகிறது' என்று வரும் லிங்க்கைத் தொடாமல் இருக்க வேண்டியது நீங்கள்தான், எந்த ஆன்டிவைரஸும் அதை உங்களுக்காகச் செய்யாது. பென்ஷன் பணத்துக்கு நிஜமான ஆபத்து அங்கேதான்.

கேள்வி: ஆர்ச் லினக்ஸ் வைத்திருக்கிறேன். நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ பாஸ்வேர்ட் கொடுக்காத வரை எந்த மால்வேராலும் ஒன்றும் செய்ய முடியாதுதானே?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: சாதாரணமாகச் சிஸ்டம் கோப்புகளை மாற்ற முடியாது. ஆனால் உங்களிடம் திருடத் தகுந்தது அங்கேயா இருக்கிறது, தம்பி? ப்ரவுசரின் குக்கீ, சர்வர்களுக்குள் தொலைவிலிருந்து நுழைய வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் சாவி, காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் ஹோம் ஃபோல்டரில். நீங்கள் ஓட்டும் எந்த நிரலும் உங்கள் பெயரில் அவற்றைப் படிக்க முடியும், ரூட் எனும் நிர்வாகி அதிகாரம் தேவையே இல்லை. பாஷ்ஆர்சி கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால் டெர்மினல் திறக்கும்போதெல்லாம் அதுவும் ஓடும்.

ஆர்ச் என்பதால் இன்னொன்று. 2025 ஜூலையில், ஆர்ச் பயனர்களே பேக்கேஜ் ஏற்றும் ஏயூஆர் களஞ்சியத்தில் ஃபயர்பாக்ஸ், லிப்ரெவுல்ஃப், ஜென் ப்ரவுசர்களுக்கான 'பேட்ச்', 'ஃபிக்ஸ்' என்ற பெயரில் 3 பேக்கேஜ்கள் ஏறின. உள்ளே இருந்தது தூரத்திலிருந்து கணினியை ஆட்டிவைக்கும் கேயாஸ் ராட். 2 நாளில் நீக்கிவிட்டார்கள். அதற்குள் நிறுவியவர் தன் கையாலேயே சூடோ பாஸ்வேர்டும் அடித்துக் கொடுத்திருப்பார். ஏயூஆரிலிருந்து நிறுவித்தரும் யே போன்ற கருவியை வைத்து என்டர் தட்டிக்கொண்டே போகாமல், பேக்கேஜ் என்னென்ன செய்யும் என்று எழுதியிருக்கும் பிகேஜிபில்ட் கோப்பைப் படியுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம்கூட வராது.

கேள்வி: எங்கள் பில்லிங் ஓடும் வாடகை சர்வரில் சிபியு எப்போதும் 100 சதவீதம். ஓடும் வேலைகளைக் காட்டும் டாப் கமாண்டில் 'கேஸ்வாப்டி0' முதலிடத்தில் நிற்கிறது. அது லினக்ஸின் சொந்த வேலைதான், ரேம் போதாது என்கிறார் தெரிந்தவர். ரேம் கூட்டலாமா?
– பனியன் கம்பெனி அலுவலகம், திருப்பூர்

பதில்: காசு செலவழிக்குமுன் அதே வரியில் யூசர் என்ற இடத்தைப் பாருங்கள். கேஸ்வாப்டி0 என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்கு நிஜமாகவே ஒரு வேலையாள் உண்டு. ரேம் தீர்ந்தால் அது திணறுவதும் உண்டு. ஆனால் நிஜமானது ரூட் பெயரில்தான் ஓடும், பிஎஸ் கமாண்ட் தரும் பட்டியலில் சதுர அடைப்புக்குள் தெரியும். உங்கள் பில்லிங் யூசர் பெயரில் ஓடினால் அது அதே பெயரைச் சூட்டிக்கொண்டு, உங்கள் சர்வரில் கிரிப்டோ காசு தோண்டும் மைனர். எளிதான பாஸ்வேர்டை எஸ்எஸ்ஹெச் வழியே ஊகித்து நுழையும் 'அவுட்லா' கும்பலின் பழைய வித்தை இது. உங்கள் வாடகையில் அவர்களுக்கு மொனேரோ என்ற கிரிப்டோ காசு.

அப்படியென்றால் ப்ராசஸை நிறுத்துவதால் பயனில்லை, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரான்டேபில் மறுபடி எழுப்பிவிடும். எஸ்எஸ்ஹெச்சில் நுழைய அனுமதி பெற்ற சாவிகள் இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் உங்களுக்குத் தெரியாத சாவியும் உட்கார்ந்திருக்கும். டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்துக்கொண்டு சர்வரை அழித்துப் புதிதாக நிறுவுங்கள். எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்ட் லாகினை நிறுத்தி சாவி மட்டும் போதும் என்று வையுங்கள். பழைய பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் ஆரம்பிக்கலாம்.