நடந்தும் இறங்காத கொலஸ்ட்ரால்

கேள்வி: என் வயது 49. 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 158 இருந்தது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாததால், மாத்திரை இல்லாமல் குறைத்துப் பார்க்க மருத்துவர் மூன்று மாதம் அவகாசம் தந்தார். தினமும் முக்கால் மணி நேரம் நடந்தேன். முட்டையை அறவே விட்டேன். இப்போது 154. இனி மாத்திரைதானா?
- ஒரு வாசகி

பதில்: நடையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு இறங்கவும், இதயம் வலுப்பெறவும் நடை மிகவும் உதவும். ஆனால் எல்.டி.எல். நடையால் மட்டும் பெரிதாக அசையாது. இதை விளக்காமல் 'நன்றாக நடங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் பலர் மனம் சோர்ந்துபோகிறார்கள். எனக்கு அது மிகுந்த வருத்தம் தருகிறது.

முட்டை மீதும் இவ்வளவு கோபம் வேண்டாம். கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை அகற்றும் பொறுப்பு பெரும்பாலும் கல்லீரலுடையது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் அந்த வேலை மந்தப்படும். ஆகவே கை வைக்க வேண்டியது வெண்ணெய், பாலாடை, கேக், பிஸ்கட் ஆகியவற்றில். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்பு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராமைத் தாண்டக்கூடாது. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயிலேயே 7 கிராம் வந்துவிடும்! பிஸ்கட் பாக்கெட்டின் முன்பக்கம் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்றிருந்தால் மயங்காதீர்கள். பாமாயிலிலும் கொலஸ்ட்ரால் இல்லைதான். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. பின்பக்கத்தைத் திருப்பி, மொத்தக் கொழுப்புக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பின் அளவைப் படியுங்கள்.

அடுத்தது, கரையும் நார்ச்சத்து. ஓட்ஸ், பார்லி, பீன்ஸ், பருப்பு வகைகளில் இருக்கிறது. இது குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும். ஈடுகட்டப் புதிய பித்தம் வேண்டுமே! அதற்காகக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். தினமும் 5 முதல் 10 கிராம் வரை சேருங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், படிப்படியாகக் கூட்டுங்கள்.

தைராய்டு பரிசோதனை செய்தீர்களா? சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். மாதவிடாய் நிற்கும் காலத்திலும் ஏறுவதுண்டு. உங்கள் வயதுக்கு இரண்டையும் யோசிக்க வேண்டும்.

இந்த மாற்றங்களுடன் இன்னும் மூன்று மாதம் முயலலாமா என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். எல்.டி.எல். 190ஐத் தொட்டிருந்தால் நான் இப்படிச் சொல்லமாட்டேன். குடும்பத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அப்பா, சகோதரருக்கு 55 வயதுக்குள்ளோ, அம்மா, சகோதரிக்கு 65 வயதுக்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். மாத்திரை பற்றிய முடிவே மாறக்கூடும்.