குற்றியை உருண்டையாக வைத்திருக்க வேண்டாம்

கேள்வி: தெஹிவளையில் எங்கள் பக்கத்து வளவில் மாடி வீடு கட்டுவதற்காக ஒரு பழைய பலா மரத்தை வெட்டினார்கள். விறகுக்குப் போகவிருந்த நான்கு குற்றிகளைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் 14 அங்குல விட்டம், 2 அடி நீளம். காயட்டும் என்று மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். ஐந்தே நாளில் இரண்டு முனைகளிலும் வெடிப்பு விழுந்துவிட்டது. வீட்டில் சிறிய கடைசல் மெஷின் இருக்கிறது, கிண்ணங்கள் கடைய ஆசை. ஒரு வருஷம் நிழலில் போட்டு வைத்தால் சரிவருமா, இல்லை இனி விறகுதானா?

பதில்: விறகு இல்லை, முக்கால்வாசி மரம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. இன்றைக்கே வெயிலை விட்டு இறக்கிவிடுங்கள். ஆனால் முழுக் குற்றியாக ஒரு வருஷம் நிழலில் போட்டாலும் அது வெடிக்கும். வெடிப்பு மெல்ல வருமே தவிர, வராமல் இருக்காது.

பச்சை மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் கொஞ்சம் சுருங்கும். சுற்றுவட்டத்தில் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். வெளிவட்டம் இறுக, நடுமரம் அந்தளவுக்கு இடம் கொடுக்காது. அப்போது எங்காவது ஒரு கோட்டில் பிளந்துதான் ஆக வேண்டும். முனையில் முதலில் தெரிவதற்குக் காரணம், மரத்தின் நீர்க்குழாய்கள் அங்கே திறந்திருப்பது. பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாக அந்த வழியால் ஈரம் போய்விடும்.

மிருதங்கக் கட்டையும் பலாதான், அதுவும் உருண்டைதான். அது ஏன் இப்படிப் பிளப்பதில்லை? நடுவைக் குடைந்து எடுத்துவிடுகிறார்கள். வெளிவட்டம் சுருங்கினால் தடுக்க உள்ளே ஒன்றும் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான்: நடுவை எடுத்துவிடுவது.

முதலில் முனைகளிலிருந்து ஒரு அங்குலத் துண்டு அறுத்து, கையால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்த இடத்தில் முறியும். முறிந்தால் இன்னொரு துண்டு அறுங்கள். ஐந்து நாள் வெயிலுக்கு ஒவ்வொரு முனையிலும் இரண்டு மூன்று அங்குலம் போகலாம், அதற்கு மேல் கவலைப்பட வேண்டாம். பிறகு குற்றியை நீளவாக்கில், நடுப்புள்ளி வழியாக இரண்டாகப் பிளக்க வேண்டும். ஆகப் பெரிய வெடிப்பு எந்தக் கோட்டில் ஓடுகிறதோ அதையே உங்கள் வாள் போகும் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். மரம் தானே காட்டிய கோடு அது, அதில் அறுத்தால் நட்டம் குறைவு. நடுச்சோறு, அதாவது மரத்தின் மையத்தில் ஓடும் மென்மையான தண்டு, இரண்டு பாதியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், இரு பக்கமும் அரை அங்குலம் சீவி எடுத்துவிடுங்கள். செயின் சோ (சங்கிலி வாள் இயந்திரம்) பழக்கம் இல்லையென்றால் மரம் வெட்டிய ஆளையே கூப்பிட்டுக் கூலி கொடுத்துச் செய்வியுங்கள். உருளும் குற்றியில் வாள் வைப்பது பழகிய கைக்கே ஆபத்து.

அதற்கு முன் ஒரு சோதனை. வீட்டு வளவு மரத்தில் ஆணி இல்லாமல் இருப்பது அபூர்வம். துணி காயப்போடும் கொடி, ஊஞ்சல், வேலிக் கம்பி என்று ஐம்பது வருஷத்தில் அடித்ததையெல்லாம் மரம் உள்ளே விழுங்கி வைத்திருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பட்டையை ஒட்டி நகர்த்திப் பாருங்கள். ஆழத்தில் உள்ளது காந்தத்துக்கு அகப்படாமல் போகலாம். அறுத்த முகத்தில் நீலக் கறுப்பாகக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளந்த அன்றே, பாதிகளின் அறுத்த முனைகளை மூட வேண்டும். மெழுகுதிரிகளை ஒரு தகரத்தில் போட்டு, அந்தத் தகரத்தைக் கொதிநீரில் வைத்து உருக்கி, தடிப்பாகப் பூசுங்கள். நேரே நெருப்பில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும். தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையை இரண்டு மூன்று தடவை பூசினாலும் போதும். பக்கங்களை மூட வேண்டாம். பொலித்தீனில் சுற்றி வைக்கும் யோசனை நல்லதுபோலத் தோன்றும், கொழும்பு வெக்கையில் ஒரு வாரத்துக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். மாமரமாக இருந்தால் இன்னும் மோசம், நீலம் பாய்ந்துவிடும்.

இனிக் கடைசல். காயும்வரை காத்திருக்காமல் பச்சையிலேயே கிண்ணத்தை முரட்டாகக் கடைந்துவிடுங்கள். சுவரின் தடிப்பு விட்டத்தில் பத்தில் ஒன்று: 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். காயும்போது அது நீள்வட்டமாகக் கோணும், கோணலைச் சரிசெய்து திரும்பக் கடைய இந்தத் தடிப்பு வேண்டும். இதைவிடத் தடிப்பாக விட்டால் திரும்பவும் வெடிக்கும். பச்சைப் பலாவில் உளி போகும் சுகமே தனி. சுருள் சுருளாக மஞ்சள் நாடா பறக்கும். பால் கையிலும் உளியிலும் ஒட்டினால், பழம் வெட்டும்போது செய்வதுபோலத் தேங்காய் எண்ணெய்தான். வெளிறிய வெளிமரத்தைக் கடைந்து நீக்கிவிடுங்கள், அதிலுள்ள மாச்சத்தைத் தேடித்தான் துளைக்கும் வண்டு வரும். வைரம் பாய்ந்த உள்மரத்தில் கறையானுக்கே பெரிய வேலை இல்லை.

கடைந்ததும் அடியில் பென்சிலால் திகதியும் நிறையும் எழுதி, கடதாசிப் பையில் போட்டு, காற்றுப் படாத மூலையில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுங்கள். மூன்று நான்கு வாரம் நிறை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நம்முடைய ஈரக் காற்றில் இதற்குச் சில மாதம் பிடிக்கும், மழைக்காலத்தில் இன்னும் கூட. ஏசி அறையில் வைக்கப் போகும் கிண்ணம் என்றால் இறுதியாகக் கடைவதற்கு முன் ஒரு மாதம் அந்த அறையிலேயே இருக்கட்டும். வராந்தாவில் காய்ந்த மரம் ஏசியில் இன்னொரு தடவை சுருங்கும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் இலங்கையின் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி வேண்டும், சொந்த வளவில் நின்றாலும் சரி. பக்கத்து வீட்டாரிடம் அந்தப் பத்திரத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். குற்றியை வாகனத்தில் வேறு இடத்துக்கு ஏற்றுவதாக இருந்தால் முதலில் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள்.

பிளக்க இந்த வாரம் ஆள் கிடைக்காவிட்டால், முனைகளை மட்டும் வெட்டிச் சீர் செய்து, மெழுகு பூசி, நிலத்தில் படாமல் இரண்டு கட்டையின் மேல் நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் தாங்கும்.