எல்சி3 பட்டை தடித்திருந்தால் ஆட்டோஃபேஜி கூடிவிட்டது என்று அர்த்தமில்லை

உங்கள் ஆய்வில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ள பி செல்களில் (ஒரு வகை வெள்ளணு) வைரஸின் பெருக்கக் கட்டத்தைத் தூண்டியதும், ஆட்டோஃபேஜிப் பைகளின் சவ்வில் ஒட்டும் எல்சி3-2 புரதத்தின் பட்டை வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் தடித்தது, அதனால் வைரஸ் ஆட்டோஃபேஜியை, அதாவது செல் தன் கழிவைப் பைகளில் அடைத்துச் செரிப்பதை, கூட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அந்தப் புரதம் இரண்டு விதமாகச் சேரும்: பைகள் நிறைய உருவாகலாம், அல்லது உருவான பைகள் செல்லின் செரிமான அறையான லைசோசோமில் போய்ச் செரிக்காமல் தேங்கலாம். இந்த வைரஸ் கடைசிப் படியைத்தான் அடைத்துவிட்டு, தேங்கிய பைகளைத் தன் துகள்களை நகர்த்தப் பயன்படுத்திக்கொள்கிறது.

லைசோசோம் செரிமானத்தைத் தடுக்கும் பாஃபிலோமைசின் மருந்தை, செல்களை அறுவடை செய்வதற்கு முந்தைய 2 முதல் 4 மணி நேரம் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிடுங்கள், மருந்து கொடுத்தும் பட்டை மேலும் கூடவில்லை என்றால் அடைப்புதான். ஆட்டோஃபேஜியில் தானும் செரிக்கப்படும் பி62 என்ற புரதத்தையும் பாருங்கள், ஆனால் அதன் உற்பத்தியே மாறக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம், மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களையும் விட்டுவிடாதீர்கள். எப்ஸ்டீன்-பாரின் உறவான கபோசி சார்கோமா வைரஸ் அங்கே ஆட்டோஃபேஜியை அடக்குகிறது, அதனால் அவை டென்ட்ரிடிக் செல்களாக முதிர்வது கெடுகிறது. வைரஸை, அதை எதிர்க்கும் டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டியவையே அந்த டென்ட்ரிடிக் செல்கள்தான், என்னைப் பொறுத்தவரை உங்கள் ஆய்வின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.