டிஎஸ்எல்ஆரை வித்துட்டு ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாமா?

கேள்வி: ஏழு வருஷமா ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் வச்சிருக்கேன், கூட 24-70, 70-200 ஜூம் லென்ஸ் ரெண்டு, ஒரு 50 எம்எம் லென்ஸ். ஊர் சுத்தும்போது எடுப்பேன், தெருவுல மனுஷங்கள எடுக்கப் பிடிக்கும், வீட்ல ரெண்டு சின்னப் பசங்க. பை கனம் தாங்க முடியல, பாதி நாள் கேமராவ வீட்லயே விட்டுட்டுப் போயிடறேன். எல்லாத்தையும் வித்துட்டு ஒரு ரேஞ்ச்ஃபைண்டர், ஒரே ஒரு லென்ஸ்னு மாறிடலாம்னு தோணுது. கண்ணாடி போடுற ஆளு நான். சரியா வருமா? இருக்குற லென்ஸையே அதுல மாட்டலாமா?

பதில்: மாறலாம், ஆனா எல்லாத்தையும் வித்துட்டு வேணாம். 24-70ஐ வித்துடுங்க, ஏன்னா ரேஞ்ச்ஃபைண்டர் வந்தா அதோட வேலைதான் போகும். பழைய கேமரா பாடியையும் 70-200ஐயும் வச்சுக்கோங்க. பலபேர் இத அப்படியே தலைகீழா பண்றாங்க, பெரிய லென்ஸ மொதல்ல தள்ளிவிட்டுட்டு, அப்புறம் புள்ள மேடை ஏறி ஆடும்போது 35 எம்எம் லென்ஸோட கடைசி வரிசைல உக்காந்து முழிக்கிறாங்க.

ரெண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான், நல்லது கெட்டது எல்லாமே அதுலேர்ந்துதான் வருது. டிஎஸ்எல்ஆர்ல லென்ஸ் எதப் பாக்குதோ அதத்தான் நீங்க பாக்குறீங்க. ரேஞ்ச்ஃபைண்டர்ல லென்ஸ் வழியா நீங்க பாக்குறதே இல்ல. மேல ஓரமா தனியா ஒரு ஜன்னல் இருக்கு, அது வழியாப் பாக்குறீங்க, லென்ஸ் அதுபாட்டுக்கு அது வேலையப் பாக்குது. இன்னொரு குட்டி ஜன்னல் கொஞ்சம் தள்ளி இருக்கும், லைக்கா கம்பெனியோட எம்ங்கற ரேஞ்ச்ஃபைண்டர் வரிசைல இப்போ வர்ற கேமராவுல ரெண்டுக்கும் நடுவுல சுமார் 69 எம்எம், அதுல தெரியுற உருவம் வியூஃபைண்டர் நடுவுல சின்னக் கட்டமா வந்து விழும். ஃபோகஸ் வளையத்தத் திருப்பத் திருப்ப அந்தக் கட்டத்துக்குள்ள இருக்குற உருவம் பக்கவாட்டுல நகரும், ரெண்டு உருவமும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காந்துட்டா ஃபோகஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம், அவ்ளோதான். நம்ம ரெண்டு கண்ணும் தூரத்தக் கணிக்கிற அதே முக்கோணக் கணக்குதான்.

நான் மாறின புதுசுல வெளிச்சம் அளக்குற மீட்டர் இல்லாத ஒரு பழைய ஃபிலிம் பாடி வச்சிருந்தேன், ஒருநாள் காலைல லென்ஸ் மூடியக் கழட்டாமலே முழு ரோல எடுத்து முடிச்சேன், 36ம் காலி. வியூஃபைண்டர்ல எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுது, சந்தேகமே வரல. இதான் லென்ஸ் வழியாப் பாக்காததோட விலை. பின்னாடி எவ்ளோ மங்கும்னும் தெரியாது, அபெர்ச்சர, அதாவது லென்ஸ் துவாரத்த, அகலமா எஃப்/1.4ல வச்சாலும் சின்னதா எஃப்/16ல வச்சாலும் ஜன்னல்ல எல்லாமே ஒரே மாதிரி கூர்மையாத்தான் இருக்கும், அத மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பழகணும்.

லாபமும் அங்கேர்ந்துதான். ஜன்னல்ல உங்க லென்ஸுக்கான எல்லை ஒரு வெள்ளைக்கோட்டுச் சட்டமாத் தெரியும், அந்தக் கோட்டுக்கு வெளிய நடக்குறதும் தெரியும், அதனால சைக்கிள்ல ஒருத்தர் ஃபிரேமுக்குள்ள நுழையப் போறார்னு முன்கூட்டியே தெரிஞ்சுடும், தெருவுல எடுக்குறவங்களுக்கு இது பெரிய விஷயம். டிஎஸ்எல்ஆர்ல க்ளிக் பண்ற கணத்துல உள்ள இருக்குற முகம்பாக்குற மாதிரி கண்ணாடி மேல எழும்பி இருட்டாயிடும்ல, எடுத்த அந்த நொடிய நீங்க பாக்கவே மாட்டீங்க. இதுல அந்த நொடிதான் தெரியும், எதிர்ல இருக்குறவர் கண்ண மூடிட்டாரான்னு படத்தப் பாக்காமலே சொல்லிடலாம். எழும்புற கண்ணாடி இல்லாததால அதிர்வும் கம்மி, 1/15 வேகத்துல கையிலயே எடுக்குறது இதுல கொஞ்சம் சுலபம்.

இப்போ பசங்க விஷயம். உங்களுக்கு ஆட்டோஃபோகஸ் பழக்கம், இதுல அது கிடையாது. உங்கள நோக்கி ஓடிவர்ற குழந்தைய எஃப்/2ல அந்தக் குட்டிக் கட்டத்த வச்சு பிடிக்கப் பாத்தீங்கன்னா அவசரத்துல அண்டாவுக்குள்ள கை போகாதுங்கற கதைதான். அதுக்கு வழி வேற, தூரத்த முன்னாடியே வச்சுக்கிறது. பழைய மாதிரி எம் லென்ஸ்ல எல்லாம் தூர அளவும், எந்த அபெர்ச்சருக்கு எங்கேர்ந்து எதுவரை கூர்மையா இருக்கும்னு கோடுகளும் செதுக்கியிருக்கும், உங்க 24-70ல இது பேருக்குத்தான் இருக்கும். 35 எம்எம் லென்ஸ எஃப்/8ல வச்சு, தூரத்த 3 மீட்டர்ல நிறுத்தினா ஏறக்குறைய 1.9 மீட்டர்லேர்ந்து 7 மீட்டர் வரைக்கும் உள்ள எல்லாமே ஏத்துக்கிற அளவு கூர்மையா வரும். அதே எஃப்/8ல 5 மீட்டர்ல வச்சா ரெண்டரை மீட்டர் தாண்டி கண்ணுக்கெட்டுற தூரம் வரை கிடைச்சிடும். வெளிச்சம் இருக்குற இடத்துல ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓவ, அதாவது ஒளி உணர்திறன, ஆட்டோல விட்டுட்டு, ஃபோகஸத் தொடாமலே எடுத்துட்டுப் போகலாம். இந்த நேரத்துல எந்த ஆட்டோஃபோகஸையும் விட இது வேகம், ஏன்னா ஃபோகஸ்ங்கற வேலையே இல்ல. ஒரு எச்சரிக்கை, இந்தக் கணக்கெல்லாம் ஃபிலிம் காலத்து அளவுகோல்ல போட்டது, 40 - 60 மெகாபிக்சல் படத்த முழுசா பெருசு பண்ணிப் பாத்தா ஓரத்துல இருக்குறது மென்மையாத்தான் தெரியும், அதனால எஃப்/8ல எடுத்தா எஃப்/5.6க்கான கோட்ட நம்புங்க. வெளிச்சம் கம்மியான வீட்டுக்குள்ள எஃப்/2ல இந்த வித்தை செல்லாது, அங்க பசங்க உக்காந்திருக்கும்போதுதான் எடுக்கணும், இல்லன்னா நிறைய தவறும், இத மறைக்க விரும்பல.

கிட்டப் போறதுலயும் ஒரு வரம்பு இருக்கு. பெரும்பாலான எம் லென்ஸ் 0.7 மீட்டருக்கு உள்ள ஃபோகஸ் ஆகாது, பழசு சிலது 1 மீட்டர். குழந்தையோட விரல், பூ, தட்டுல இருக்குற சாப்பாடு இதெல்லாம் மறந்துடுங்க. ஃபிரேம்லைன், அதாவது அந்த வெள்ளைக்கோட்டுச் சட்டம், பொதுவா 28லேர்ந்து 135 எம்எம் வரைதான், 135ல அந்தச் சட்டம் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். ஜூம் பத்திப் பேச்சே இல்ல.

இருக்குற லென்ஸ மாட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. அடாப்டர் போட்டா உக்காரும், எம் மவுண்ட்ல, அதாவது லென்ஸ் மாட்டுற வாய்ல, அங்கேர்ந்து சென்சாருக்கு இடைவெளி 27.8 எம்எம், கேனன் ஈஎஃப் 44, நிக்கான் எஃப் 46.5, நடுவுல வேணுங்கற இடம் இருக்கு. ஆனா உங்க லென்ஸ் ரேஞ்ச்ஃபைண்டரோட பேசாது, அந்தச் சின்னக் கட்டம் நகரவே நகராது, லைவ் வியூ இருக்குற பாடியில பின்பக்கத் திரையப் பாத்துத்தான் எடுக்கணும், கேனன் ஈஎஃப் லென்ஸ்ல அபெர்ச்சர் வளையமும் இல்ல, சாதா அடாப்டர்ல அத மாத்தக்கூட முடியாது. இவ்ளோ பாடுபட்டு எதுக்கு? அதுக்குப் பதிலா எல்39னு சொல்ற பழைய திருகு மவுண்ட் லென்ஸ்கள் இருக்கு, அதுக்கு இடைவெளி 28.8, ஒரு எம்எம் தடிமன்ல ஒரு வளையம் போட்டா எம் பாடியில ஃபோகஸ் கட்டத்தோட முழுசா வேலை செய்யும். புதுசா வேணும்னா லைக்கா பேர் போட்டதுதான் வாங்கணும்னு கட்டாயமில்ல, வோய்க்ட்லேண்டர் 35 எம்எம் எஃப்/1.4 மாதிரி 200 கிராம் பக்கத்துல நிக்கிற லென்ஸ் உங்களுக்குப் போதும். கனத்தச் சொன்னீங்களே, ஒரு லைக்கா எம்10 பாடி 660 கிராம், இந்த லென்ஸோட சேத்தா ஒரு கிலோ கூட வராது. ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர்ல 24-70 எஃப்/2.8 மாட்டினா அதுவே ஒன்றரை கிலோவத் தாண்டிடும்.

கண்ணாடி போடுறவங்களுக்கு நேரடியா சொல்லணும்னா 28 எம்எம் வாங்காதீங்க. 0.72 பெரிதாக்கம் இருக்குற எம் வியூஃபைண்டர்ல கண்ணாடியோட பாத்தா 28 சட்டத்தோட ஓரங்கள் தெரியாது, கண்ண அங்க இங்க உருட்டணும். 35 ஓரளவு ஓகே, 50 சுகமாத் தெரியும். 1954ல வந்த எம்3ல பெரிதாக்கம் 0.91, அதுல 50க்குக் கீழ சட்டமே கிடையாது. பல டிஎஸ்எல்ஆர்ல இருக்குற மாதிரி பவர் திருகுற சக்கரமும் எம் வியூஃபைண்டர்ல இல்ல, தனியா ஒரு குட்டி லென்ஸ் வாங்கித் திருகணும், சிலிண்ட்ரிக்கல் பவர் இருந்தா அதுவும் உதவாது, கண்ணாடிய மாட்டிட்டே எடுங்க. பழைய பாடியோட கண்வளையம் வெறும் உலோகம், கண்ணாடியக் கீறிடும், ஒரு ரப்பர் வளையம் ஒட்டிக்கோங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை. கடைசி ரெண்டு வருஷத்துல உங்களுக்கே பிடிச்ச ஒரு நூறு படத்த எடுத்து ஒவ்வொண்ணும் எந்த ஃபோகல் லெங்த்ல, அதாவது லென்ஸ் எத்தன எம்எம்ல இருந்தப்போ, எடுத்ததுன்னு பாருங்க, அது படத்துக்குள்ளயே பதிவாகியிருக்கும். முக்கால்வாசி 28லேர்ந்து 50க்குள்ள வந்தா தைரியமா இறங்குங்க. 70-200ல எடுத்ததே அதிகம்னா உங்களுக்கு வேண்டியது ரேஞ்ச்ஃபைண்டர் இல்ல, சின்ன மிரர்லெஸ், அதாவது எழும்புற கண்ணாடி இல்லாம லென்ஸ் பாக்குறத திரையில காட்டுற கேமரா. அடுத்ததா 24-70ஐ 35ல வச்சு டேப் ஒட்டி ஒரு மாசம் ஓட்டுங்க. ஆனா டிஎஸ்எல்ஆர்ல மேனுவல் ஃபோகஸ் பண்ணிப் பாத்து வரலன்னு முடிவு பண்ணிடாதீங்க, இப்போ வர்ற ஃபோகஸ் ஸ்க்ரீன் அதுக்காகச் செஞ்சதில்ல, அதுல கஷ்டப்படுறவங்ககூட ரேஞ்ச்ஃபைண்டர்ல ஒரே வாரத்துல பழகிடுவாங்க. அந்தக் கட்டம் உங்க கண்ணுக்கு ஒத்துவருதான்னு பாக்க 1972ல வந்த கேனனெட் ஜி3 கியூஎல்17 மாதிரி லென்ஸ் கழட்ட முடியாத ஒரு பழைய ஃபிலிம் கேமராவ யார்கிட்டயாவது வாங்கி ரெண்டு ரோல் எடுங்க. அதோட மெர்குரி பேட்டரி இப்போ வர்றதில்ல, மீட்டர நம்பாதீங்க. இன்னொண்ணு, ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர மூடி போடாம, லென்ஸ் சூரியனப் பாத்தபடி வைக்காதீங்க, நடுவுல தடுக்கக் கண்ணாடி இல்லாததால துணி ஷட்டர் பொசுங்கி ஓட்டை விழும்.

ஃபியூஜி எக்ஸ் புரோ, எக்ஸ்100 ரெண்டையும் ரேஞ்ச்ஃபைண்டர்னு விப்பாங்க, நல்ல கேமராதான், ஆனா ஓரத்துல ஜன்னல் இருக்குறதத் தவிர உள்ள அந்த ரெண்டு உருவச் சமாச்சாரம் இல்ல. உங்க பசங்கள வச்சு யோசிச்சா அது உங்களுக்கு இன்னும் பொருத்தமாக்கூட இருக்கலாம், ஆட்டோஃபோகஸ் இருக்கு.

செகண்ட் ஹேண்ட்ல எம் வாங்கினா எஃப்/2 அல்லது அதவிட வேகமான 50 எம்எம் லென்ஸக் கொண்டுபோங்க. முழுசாத் திறந்து, 1 மீட்டர்ல ஒரு ஸ்கேல சாய்ச்சு வச்சு, ஒரு கோட்டுல கட்டத்தப் பொருத்தி எடுங்க, கூர்மை அந்தக் கோட்டுல விழணும். அப்புறம் தூரத்துல ஒரு டவரப் பாருங்க, லென்ஸ தூரப் பக்கமா கடைசி வரை திருப்பின நிலைல ரெண்டு உருவமும் ஒண்ணா இருக்கணும். விலகியிருந்தா சரிபண்ணிடலாம், ஆனா வேலை தெரிஞ்சவர்கிட்ட போகணும், அந்தச் செலவ விலைல கழிச்சுக் கேளுங்க. 2006ல வந்த எம்8 வேணாம், சென்சாரும் சின்னது, ஃபில்டர் போடலன்னா கருப்புத் துணி ஊதாவாத் தெரியும். 2009ல வந்த எம்9 ஆசையக் கெளப்பும், அதோட சென்சார் மேல இருக்குற கண்ணாடி அரிக்கிற பிரச்சனை ஊரறிஞ்சது, மாத்தின சென்சாரான்னு கேளுங்க, வாய்ச்சொல்ல நம்பாம எஃப்/16ல வெறும் வானத்த எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க, சுத்தி ஒளிவட்டத்தோட புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா அத அங்கேயே வச்சிட்டு வந்துடுங்க.