அமிலம் தோலை அரிக்குமா?

சரும நலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பரு ஆறிய பிறகு என் கன்னங்களில் கரும்புள்ளிகள் தங்கிவிட்டன. தோழி சொன்னாள் என்று 10 சதவீத கிளைகாலிக் அமில சீரம் வாங்கிப் பூசினேன். முதல் நாளே சுருக்கென்று எரிந்தது. அமிலம் என்றால் தோலை அரிக்கத்தானே செய்யும்? தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகாதா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் முகத்துக்கென்று முறையாகத் தயாரிக்கப்பட்ட சீரத்தில் அமிலம் தோலை அரிப்பதில்லை, பிணைப்பைத் தளர்த்துகிறது. நம் தோலின் அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி வந்து, உயிரிழந்து, தட்டையாகி, நுண்ணிய புரத இணைப்புகளால் ஒன்றோடொன்று பிணைந்தபடி மேற்பரப்பில் அடுக்கடுக்காகப் படிகின்றன. அந்த இணைப்புகளைத் தோலிலேயே சுரக்கும் நொதிகள் சிறிது சிறிதாக அறுக்க, பழைய செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. இளம் வயதில் ஏறக்குறைய நான்கு வாரங்களில் நிறைவடையும் இந்தச் சுழற்சி, வயது ஏற ஏற மந்தமாகிறது. கிளைகாலிக் அமிலம் அந்த உதிர்தலை விரைவுபடுத்துகிறது. கரும்புள்ளியின் நிறமி ஏறிய செல்களும் அப்போது சற்று முன்னதாகவே வெளியேறுகின்றன. தோல் மீன் செதிள்போல் தடிக்கும் இக்தியோசிஸ் நோய்க்கு இவ்வகை அமிலங்கள் பயன்படுவதை யூஜீன் வான் ஸ்காட், ரூயி யூ என்னும் இருவர் அமெரிக்காவில் 1974-இல் வெளியிட்ட பிறகுதான் இவை அழகுப் பொருள்களுக்குள் பரவலாக வந்தன. தொடர்ந்து அளவோடு பூசும்போது மெலிவது இறந்த மேலடுக்குதான். அதன் கீழே உள்ள உயிருள்ள தோல் தடிப்பதாகவே ஆய்வுகள் காட்டியுள்ளன.

புட்டியில் அச்சிட்ட சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்குவது போதாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அயனியாகாத, அதாவது மின்னேற்றத் துகள்களாகப் பிரியாத அமிலமே தோலுக்குள் எளிதாக இறங்கும். அதன் பங்கைத் தீர்மானிப்பது கரைசலின் பிஎச் அளவு, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண். அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். பிஎச் 3.8 என்றால் கிளைகாலிக் அமிலத்தில் ஏறக்குறைய பாதி அந்த நிலையில் இருக்கும். பிஎச் 5 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே 10 சதவீதம் என்று எழுதிய இரண்டு புட்டிகளில் ஒன்று எரியலாம், மற்றொன்று ஏதும் செய்யாமலும் போகலாம். வீட்டுப் பயன்பாட்டுக்கு அளவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பிஎச் 3.5-க்குக் குறையக்கூடாது என்பது அமெரிக்க நிபுணர் குழு 1990-களில் வகுத்த வரம்பு.

ஓரிரு நிமிடங்களில் அடங்கும் குறுகுறுப்புக்கு அஞ்ச வேண்டாம். எரிச்சல் நீடித்தாலோ தோல் சிவந்தாலோ உடனே கழுவிவிடுங்கள். நம்முடைய மாநிறச் சருமத்தில் அந்த எரிச்சலே புதிய கருமையை உண்டாக்கிவிடும். சிவப்பு முற்றும் தணிந்த பிறகு, வாரத்துக்கு இரண்டு இரவுகள் மட்டும், மூலக்கூறு பெரிதாக இருப்பதால் மெதுவாக இறங்கும் மாண்டலிக் அமிலத்தையோ குறைந்த அளவு லாக்டிக் அமிலத்தையோ பூசித் தொடங்குவது உங்களுக்குப் பொருந்தும். ரெட்டினால் என்னும் வைட்டமின் ஏ வகைப் பூச்சைப் பூசும் இரவில் இவை வேண்டாம். பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தவறாமல் பூசுங்கள். அமிலத்தால் வெயிலுக்குக் கூடும் கூருணர்வு, பூசுவதை நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வரை நீடிக்கக்கூடும்.

கேள்வி: எண்ணெய் வழியும் முகத்துக்குச் சாலிசிலிக் அமிலம்தான் நல்லது என்கிறார்களே?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஆம். கிளைகாலிக் அமிலம் நீரில் கரைவது. சாலிசிலிக் அமிலமோ எண்ணெயோடு கலப்பதால், சருமத் துளைக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். 0.5 முதல் 2 சதவீதம் போதும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்; கருவுற்றவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே பூசலாம்.

கேள்வி: காசு கொடுத்து வாங்குவானேன்? தயிரும் எலுமிச்சையும் போதாதா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தயிரில் லாக்டிக் அமிலம் உண்டு, ஆனால் ஏறக்குறைய 1 சதவீதம்தான், பிஎச் அளவும் நான்குக்கு மேல். பெரும்பாலோருக்குத் தீங்கில்லை, பலனும் சொற்பமே. எலுமிச்சைச் சாற்றையோ முகத்தில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அதன் பிஎச் இரண்டை ஒட்டியது. எலுமிச்சை வகைகளில் உள்ள ஃபியூரோகூமரின் சேர்மங்கள் வெயில் பட்டதும் தோலைப் புண்ணாக்கக்கூடும். கொப்புளம் ஆறினாலும் அதன் கருந்தழும்பு மாதக்கணக்கில் மறையாது.