அப்பாவின் அணியில் மகன், உங்கள் ஆய்வகத்தில் மனைவி

தம்பி, அயோவா சிட்டிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்குள்ள அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர் சொந்த மகனையே தன்கீழ் வேலைக்கு வைத்திருந்தாராமே, அமெரிக்காவிலும் இப்படி நடக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, உங்கள் ஆய்வகத்தில் காலியாக இருக்கும் இடத்துக்கு உங்கள் மனைவி விண்ணப்பிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நடக்கும். கர்க் ஃபெரன்ட்ஸ் 1999 முதல் இந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர். மகன் பிரையன் இதே அணியில் ஆடியவர், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற தொழில்முறை அணியில் பயிற்சியாளராக இருந்தவர். 2012இல் அப்பாவின் குழுவில் சேர்ந்தார். 2017இல் தாக்குதல் ஆட்டத்தின், அதாவது பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கும் பக்கத்தின், முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. தகுதியே இல்லாத பிள்ளையை அப்பா தூக்கிவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது உண்மையல்ல.

உறவினர்கள் ஒரே இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று பல்கலைக்கழகம் சொல்வதில்லை. உறவினரின் சம்பளம், மதிப்பீடு, பதவி உயர்வு ஆகியவற்றில் நீங்கள் கை வைக்கக் கூடாது என்பதுதான் விதி. அதனால் மைதானத்தில் அப்பா சொல்வதைக் கேட்ட பிரையனுக்கு, காகிதத்தில் மேலதிகாரி அப்போதைய விளையாட்டுத் துறை இயக்குநர் கேரி பார்ட்டா.

அணி ஜெயித்துக்கொண்டிருந்தவரை இந்த ஏற்பாட்டை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2022இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 17.7 புள்ளிகள் மட்டுமே எடுத்தார்கள். ஊரே கொதித்தது. 2023 பிப்ரவரியில் பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளத்தில் 50,000 டாலரைக் குறைத்து 8,50,000 ஆக்கினார்கள். அவர் வேலையில் தொடர, அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளிகள் எடுக்க வேண்டும், ஏழு ஆட்டங்களாவது ஜெயிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதாவது பதின்மூன்று ஆட்டங்களுக்கு 325 புள்ளிகள்.

அந்தப் பருவத்தில் அணியின் சொந்த மைதானமான கின்னிக்கில் எனக்கு முன்வரிசையில் ஒரு முதியவர் உட்காருவார். கறுப்பும் மஞ்சளுமான பழைய கம்பளித் தொப்பி, சட்டைப்பையில் சின்ன நோட்டு. ஒவ்வொரு முறை புள்ளி விழும்போதும் கையுறையைக் கழற்றிவிட்டு, 325இல் இன்னும் எத்தனை பாக்கி என்று கழித்து எழுதுவார். முதல் கால்பகுதி முடிந்ததும் நாங்கள் எல்லோரும் எழுந்து, எதிரே தெரியும் குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களைப் பார்த்துக் கையசைப்போம். அவரும் நோட்டை வைத்துவிட்டுக் கையசைப்பார். பிறகு மறுபடியும் கழித்தல் கணக்கு. ஒரு மனிதனின் வேலையை அறுபதாயிரம் பேர் உட்கார்ந்து எண்ணுவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை.

காரணம் இதுதான், தம்பி. வேறு எந்த உதவிப் பயிற்சியாளராக இருந்தாலும் தலைமைப் பயிற்சியாளரே கூப்பிட்டு, போதும் என்று சொல்லியிருப்பார். இங்கே அப்பாவுக்கு அந்த அதிகாரம் காகிதத்தில் இல்லை. இருந்திருந்தாலும் மனம் வந்திருக்குமா? அதனால் யாரும் சொல்ல முடியாததை ஓர் எண்ணை வைத்துச் சொல்ல வைத்தார்கள். கடைசியில் 2023 அக்டோபர் 30 அன்று, அணி எட்டில் ஆறு ஆட்டங்களை ஜெயித்திருந்த நேரத்தில், பார்ட்டாவுக்குப் பின் வந்த இடைக்கால இயக்குநர் பெத் கோட்ஸ் அந்தப் பருவத்தோடு பிரையன் விலகுவார் என்று அறிவித்தார். அணி மொத்தம் பத்து ஆட்டங்களை ஜெயித்தது. சராசரி 15.4.

என் வீட்டிலும் இது நடந்தது. வேறொரு ஊரில் நான் ஆய்வக மேலாளராக இருந்தபோது என் மனைவி அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். உறவைத் தெரிவிக்கும் படிவமெல்லாம் எதற்கு, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார் தலைவர். நானும் விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு அவளுக்குச் சம்பள உயர்வு வந்தது, அவளுடைய உழைப்புக்குத்தான். ஆனால் கூடவே மதிய உணவு சாப்பிட்ட இருவர் வேறு மேஜைக்குப் போய்விட்டார்கள். பிறகு புகார் போனது. அந்த உயர்வை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். "நான் செய்த வேலையை நான்தான் செய்தேன் என்று யாரிடம் காட்டுவது?" என்று ஒருநாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே உங்கள் ஆய்வகம் வேண்டாம் என்பதே என் எண்ணம். இதே வளாகத்தில் வேறு துறைகளில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன, அவருடைய படிப்புக்கு நிச்சயம் கிடைக்கும். அங்கேதான் வேண்டும் என்று இருவரும் முடிவெடுத்தால், விண்ணப்பம் போடும் முன்பே மனிதவளப் பிரிவுக்குப் போய், இவர் என் மனைவி என்று எழுத்தில் கொடுங்கள். நேர்காணல் குழுவில் உட்காராதீர்கள். அவருடைய மேற்பார்வையாளர் யார் என்பதையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வந்திருந்தால், துணைவருக்கான ஜே-2 விசாவில் இருக்கும் அவருக்கு வேலை அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகே வேலை தொடங்கலாம். அது வரச் சில மாதங்கள் ஆகலாம், அதனால் அந்த விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.