கேரண்டி இல்லீங்க, வாரண்டிதான்!

கேள்வி: மிக்சி வாங்கி எட்டு மாதத்தில் மோட்டார் புகைந்துவிட்டது. கடையில் கொண்டுபோய் வைத்தால், "இதுக்கு கேரண்டி இல்லீங்க, வாரண்டிதான். கேரண்டின்னா மாத்திக் கொடுப்பாங்க, வாரண்டின்னா ரிப்பேர் மட்டும்தான்" என்கிறார்கள். சட்டத்தில் அப்படி இருக்கிறதா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை. மிக்சிக் கடை முதல் மெத்தைக் கடை வரை இதைத்தான் ஒப்பிக்கிறார்கள். கேட்டுக் கேட்டு நமக்கும் சட்டம் மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் கேரண்டி என்றால் மாற்றிக் கொடுப்பது, வாரண்டி என்றால் பழுது பார்ப்பது என்று எந்தச் சட்டமும் பிரித்து வைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமற்ற வணிக நடைமுறை எது என்று விளக்கும் பிரிவு 2(47)-ஐப் பாருங்கள். "வாரண்டி அல்லது கேரண்டி" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறது. நிறைவேற வாய்ப்பே இல்லாத வாக்கைக் கொடுத்தால், அதற்கு எந்தப் பெயர் வைத்திருந்தாலும் தப்புதான்.

அப்படியென்றால் உங்கள் மிக்சிக்கு என்ன வழி? அட்டையை எடுத்துத் திருப்புங்கள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் "2 வருடம்" என்று இருக்கும். விஷயம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது. பெரும்பாலான அட்டைகளில் "பழுது நீக்கித் தருவோம் அல்லது மாற்றித் தருவோம், எது என்பது கம்பெனியின் முடிவு" என்ற பொருளில் ஒரு வரி வரும். ஜார், பிளேடு, ரப்பர் வாஷர், கப்ளர் எல்லாம் சேராது என்று இன்னொரு வரி. மோட்டார் சேரும் என்றால் முதலில் இலவசமாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். கொடுக்கும்போது ஜாப் ஷீட் (சர்வீஸுக்கு எடுத்துக்கொண்டதற்கான சீட்டு) கேட்டு வாங்குங்கள்; அதில் "மோட்டார் புகைச்சல்" என்று அவர்கள் கைப்பட எழுதியிருக்க வேண்டும். "செக் பண்ணணும்" என்று மட்டும் எழுதிய ஷீட்டால் பின்னால் பிரயோஜனம் இல்லை. சரிசெய்தும் திரும்பத் திரும்ப அதே பழுது வந்தால் அது குறைபாடுள்ள பொருள். மாவட்ட நுகர்வோர் ஆணையம் அப்போது பழுதை நீக்கச் சொல்லலாம், புதிது கொடுக்கச் சொல்லலாம், பணத்தைத் திருப்பச் சொல்லலாம். அட்டையின் தலையில் எந்தச் சொல் இருக்கிறது என்பதை வைத்து ஆணையத்தின் கை கட்டப்படுவதில்லை.

கேள்வி: மிக்சிக்கு வாரண்டி, ஆளைப் பிடிக்க வாரண்ட். இரண்டும் ஒரே சொல்லா என்று என் மகள் கேட்கிறாள். சொந்தம் உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: உண்டு. ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். கேரண்டியும் அதே வீடு. ஜெர்மானிய மொழிகளிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போன சொல் இது. பாரிஸ் பக்கம் "க" ஓசையோடு சொன்னார்கள், வடக்கே நார்மண்டியில் "வ" ஓசையோடு சொன்னார்கள். நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்தபோது "வ" வடிவம் அவர்களோடு வந்து சேர்ந்தது. "க" வடிவம் பிற்பாடு தனியாக வந்தது. கார்டியன், வார்டன் என்ற இரண்டும் இப்படிப் பிரிந்தவைதான். அதனால் கடைக்காரர் வேறு வேறு என்று சத்தியம் செய்யும் கேரண்டியும் வாரண்டியும் பிறப்பில் ஒன்று.

முதலில் இந்தச் சொல் காகிதத்தைக் குறிக்கவில்லை, ஆளைக் குறித்தது. காப்பவர், பக்கத்தில் நிற்பவர் என்று அர்த்தம். கைது வாரண்டும் அப்படித்தான்: ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகும் காவலர்மேல் பழி வராமல் காப்பது அந்தத் தாள். இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பிரபு உங்களுக்கு நிலம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறொருவர் "இது என் நிலம்" என்று வழக்குப் போட்டால், பிரபுவே நீதிமன்றத்துக்கு வந்து உங்களுக்காக வாதாட வேண்டும். தோற்றுவிட்டால் அதே மதிப்புள்ள வேறு நிலத்தைத் தர வேண்டும். அதுதான் அன்றைய வாரண்டி. இன்றைய அட்டையை விட எவ்வளவோ தேவலை!

நிலத்திலிருந்து சந்தைச் சரக்குக்கு வந்ததும் சொல் கெட்டிப்பட்டது. 1603-இல் லண்டனில் ஒரு வழக்கு. சாண்டலர் என்ற பொற்கொல்லர் லோபஸ் என்பவருக்கு ஒரு பெசோர் கல்லை 100 பவுண்டுக்கு விற்றார். பெசோர் என்பது ஆடு போன்ற விலங்குகளின் வயிற்றில் உருவாகும் கட்டி, நம்மூர் கோரோசனை மாதிரி ஒரு சமாச்சாரம். விஷத்தை முறிக்கும் என்று அன்று நம்பினார்கள். வாங்கிய பிறகுதான் அது பெசோரே இல்லை என்று தெரிந்தது. லோபஸ் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டில் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. "இது பெசோர் கல்" என்று விற்றவர் சொன்னார், சரி. ஆனால் "வாரண்ட் செய்கிறேன்" என்று சொல்லவில்லையே, வெறுமனே சொன்னதற்கெல்லாம் வழக்கு கிடையாது என்றார்கள். மந்திரச் சொல்லை உச்சரிக்காததால் 100 பவுண்டு போச்சு.

அந்தக் கெடுபிடி தளர நெடுங்காலம் ஆனது. விற்பனையின்போது உறுதி தரும் எண்ணத்தோடு சொன்ன வார்த்தையே வாரண்டிதான் என்று நீதிபதிகள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்கள். 1893-இல் இங்கிலாந்தில் சரக்கு விற்பனைச் சட்டம் வந்தபோது இன்னொரு திருப்பம். ஒப்பந்தத்தின் உயிர்நாடியான வாக்குக்கு "கண்டிஷன்" என்று பெயர் வைத்து, பக்கத்துணையான சின்ன வாக்குக்கு வாரண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை ஒட்டித்தான் நம்முடைய 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 12. கண்டிஷன் மீறப்பட்டால் சரக்கையே வேண்டாம் என்று திருப்பலாம். வாரண்டி மீறப்பட்டால் நஷ்ட ஈடு மட்டும்தான் கேட்கலாம். ஒரு காலத்தில் நிலத்துக்கு நிலம் கொடுத்த சொல், சட்டத்தில் இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டது.

உங்கள் மகளுக்கு இவ்வளவு வேண்டாம் என்றாலும் உங்களுக்கு ஒன்று வேண்டும். அதே சட்டத்தில் பிரிவு 13 சொல்கிறது: சரக்கை ஏற்றுக்கொண்டுவிட்டால், கண்டிஷன் மீறலும் பொதுவாக வாரண்டி மீறலாகத்தான் எண்ணப்படும். நியாயமான காலம் கடந்தும் வாய் திறக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஆக, புது ஃபிரிட்ஜ் வந்த அன்றே குளிரவில்லை என்றால் பொங்கல் கழியட்டும் என்று பொறுக்காதீர்கள். அன்றைக்கே ஒரு மெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மைத்துனர் வங்கியில் கடன் வாங்குகிறார். "சும்மா ஒரு ஷூரிட்டி கையெழுத்துதான் மாமா" என்கிறார். போடலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கேரண்டி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் உண்மையான வீடு இங்கேதான் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், அரசர்களின் உடன்படிக்கைக்குப் பிணை நிற்கும் தரப்பையும் இந்தச் சொல்லால் குறித்தார்கள். நம்முடைய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 126, அந்தப் பொருளைத்தான் பிடித்து வைத்திருக்கிறது: ஒருவர் கட்டத் தவறினால் நான் கட்டுகிறேன் என்று மூன்றாவது ஆள் கொடுக்கும் வாக்கு. அந்த ஆள் நீங்கள்.

பிரிவு 128-படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் உங்கள் பொறுப்பு. "முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று வங்கியிடம் சொல்ல முடியாது. பீகார் வங்கி வழக்கில் 1968-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வங்கி நேராக உங்கள் வாசலுக்கே வரலாம். கட்டிய பிறகு மைத்துனரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பிரிவு 145. ஆனால் சொந்த மைத்துனர்மேல் வழக்குப் போடப் போகிறீர்களா?

போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், தொகை எழுதாத படிவத்தில் கையெழுத்து வேண்டாம். "தொடர் பிணை" என்ற வாசகம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் பின்னால் வாங்கும் கடனுக்கும் உங்கள் பெயர் போகும். அதை எதிர்காலக் கடன்களுக்கு மட்டும் எழுத்து மூலம் ரத்து செய்துகொள்ள ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது, பிரிவு 130. வாங்கிய கடனுக்கு அது உதவாது.

கேள்வி: இன்வர்ட்டர் பேட்டரிமேல் "36+24" என்று ஒட்டியிருக்கிறார்கள். ஐந்து வருடம் கேரண்டி என்று விற்றார்கள். நான்காவது வருடம் போய்விட்டது, இப்போது பணம் கேட்கிறார்கள். ஏமாற்றா? (வாசகர், கடலூர்)

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் விற்றவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். இடப்பக்க எண் முழு வாரண்டி. அந்த மாதங்களுக்குள் போனால் மாற்றிக் கொடுப்பார்கள். வலப்பக்கம் புரோ-ரேட்டா. அதாவது புதுப் பேட்டரி வாங்கும்போது எம்.ஆர்.பி.யில் இத்தனை சதவீதம் தள்ளுபடி. அவ்வளவுதான்.

அந்தத் தள்ளுபடியை வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு எம்.ஆர்.பி. 16,000 ரூபாய், தள்ளுபடி 30 சதவீதம் என்றால் 11,200 கட்ட வேண்டும். அதே புதுப் பேட்டரி இந்த வாரண்டித் தள்ளுபடி எதுவும் இல்லாமலே கடையில் 13,000-க்குக் கிடைத்து, பழைய பேட்டரிக்கு 2,500 கழித்துக்கொண்டால் 10,500-இல் முடிந்தது. புரோ-ரேட்டாவில் போனால் பழைய பேட்டரியும் கம்பெனிக்குப் போய்விடும். எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்பதே வழக்கமாக உள்ள சரக்கில் எம்.ஆர்.பி. மேல் தள்ளுபடி என்பது பல நேரம் கண்துடைப்புதான். இது என் அபிப்பிராயம்.

ஏசி கம்ப்ரசர் "10 வருடம்" என்பதும் இதே குடும்பம். கம்ப்ரசர் மட்டும் இலவசம். கேஸ், ஆள் கூலி, வண்டி வாடகை உங்கள் தலையில். வாஷிங் மெஷின் மோட்டார், மைக்ரோவேவ் மேக்னட்ரான் எல்லாம் அப்படியே.

கேள்வி: "லைஃப்டைம் வாரண்டி" என்றால் யாருடைய லைஃப்? (வாசகர், சேலம்)

பதில்: உங்களுடையது இல்லை என்பது மட்டும் நிச்சயம். பெரும்பாலும் கம்பெனி அந்தப் பொருளுக்கு இத்தனை வருடம் ஆயுள் என்று தானே வைத்துக்கொள்வதுதான். அட்டையில் அதற்கு விளக்கம் இல்லாவிட்டால் வாங்கும் முன் எழுதிக் கேளுங்கள். ஒரு பொருள் இத்தனை காலம் உழைக்கும் என்று சரியான சோதனை இல்லாமல் பொதுமக்களுக்கு உறுதி கொடுப்பதும் பிரிவு 2(47)-இல் அகப்படும். விளம்பரத்தில் பொய் கேரண்டி கொடுத்தால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவைக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

கேள்வி: ஒரு நிதி நிறுவனத்தில் "கேரண்டி ரிட்டர்ன்" என்கிறார்கள். வங்கி டெபாசிட் மாதிரி இதற்கும் இன்ஷூரன்ஸ் உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கிடையாது. வங்கி டெபாசிட்டுக்கு டி.ஐ.சி.ஜி.சி. என்ற ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் காப்பு தருகிறது. ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை. 2020 பிப்ரவரிக்கு முன் ஒரு லட்சமாக இருந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. ஆனால் ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட பணத்துக்கும், நிதி நிறுவனம், சீட்டுக் கம்பெனியில் போட்ட பணத்துக்கும் இந்தக் காப்பு இல்லை. அவர்கள் சொல்லும் கேரண்டிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். "கம்பெனியே நிற்கிறது" என்று பதில் வந்தால், கடன் வாங்குகிறவரே தனக்கு ஜாமீன் போட்டுக்கொள்கிறார் என்று அர்த்தம்.

கேள்வி: வாரண்டி அட்டையில் கடை முத்திரை இல்லை, பில் மட்டும் இருக்கிறது. புகார் கொடுக்க முடியுமா? (வாசகர், வேலூர்)

பதில்: தாராளமாக. நீங்கள் எப்போது, எங்கே, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பதற்குப் பில்லே சாட்சி. கடைகள் தரும் வெப்பத்தாள் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். இன்றே ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், பல கம்பெனிகள் அதற்கே இறங்கி வருகின்றன. இல்லாவிட்டால் மாவட்ட ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வேலூரிலேயே கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.